பெடல் சுற்றிக் கேட்ட புதினம்

வணக்கம். 1990களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். எங்கள் வீட்டில் பிபிசி தமிழோசை நேரத்துக்குப் பெடல் சுற்றுவது என் வேலை, கை உளைந்து நிறுத்தினால் புதினமும் நின்றுவிடும், அப்பாவிடம் ஏச்சு விழும்.

அந்தப் புதினங்களில் அடிக்கடி வரும் பெயர் ராய்ட்டர். யாரோ ஒரு வெள்ளைக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். அது முழுப் பிழையுமில்லை. பால் ஜூலியஸ் ராய்ட்டர் என்ற ஜெர்மன்காரர், தந்திக்கம்பி போடாத ஜெர்மனியின் ஆகெனுக்கும் பெல்ஜியத்தின் பிரசல்சுக்கும் நடுவே 1850இல் புறாக்காலில் சந்தை விலைகளைக் கட்டி அனுப்பினார், அடுத்த வருடம் லண்டனில் கடையைத் திறந்தார், அதுதான் பிறகு ராய்ட்டர் செய்தி ஏஜென்சி ஆனது.

செய்தி ஏஜென்சி என்பது மொத்த வியாபாரம். சுன்னாகம் சந்தையில் மொத்தமாக எடுத்து ஒழுங்கைக் கடையில் விற்கிற மாதிரி, பேப்பரும் ரேடியோவும் சந்தா கட்டிச் செய்தியை எடுக்கின்றன. ஒரே செய்தியை ஒன்றையொன்று பிடிக்காத நாடுகளும் வாங்க வேண்டும் அல்லவா, அதனால் சொல்லில் கவனம். யாரையும் ராய்ட்டர் தன் வாயால் பயங்கரவாதி என்று சொல்லாது, இன்னார் அப்படிச் சொன்னார் என்றுதான் எழுதும். 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு இதற்காக அமெரிக்காவில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்தச் சொல் எவ்வளவு பாரம் என்று நமக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, காசு? 1846இல் நியூயோர்க் பேப்பர்கள் சேர்ந்து தொடங்கிய ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) ஏஜென்சி நம்முடைய சங்கக்கடை மாதிரி, லாபம் பிரிப்பதில்லை. பிரான்சின் ஏஎஃப்பி ஏஜென்சியின் சுதந்திரத்துக்கு 1957இல் போட்ட தனிச்சட்டம் காவல், ஆனாலும் வரும்படியில் பெரிய பங்கு அரசிடமிருந்து வருகிறது. ராய்ட்டர் 1941இல், உலகப் போர் நடுவே, எந்தத் தரப்புக்கும் பிடிகொடுப்பதில்லை என்று எழுதி வைத்தது.

எழுதி வைத்தால் போதுமா? 1960களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசின் இரகசியப் பிரச்சாரப் பிரிவு ஒன்று, ராய்ட்டரின் மத்திய கிழக்கு, லத்தீன் அமெரிக்கச் சேவைகளுக்குக் காசு கொடுத்திருக்கிறது. பின்னர் வெளியான அரசு ஆவணங்களில் இது இருக்கிறது. அதுவும் அந்தக் காசு போன வழி பிபிசி, நான் கை உளையச் சுற்றிக் கேட்ட அதே பிபிசி! இதை நான் படித்தது ராய்ட்டர் வெளியிட்ட செய்தியில்தான்.