லேத்துக்கு ஏற்ற ஸ்டாண்ட் எது? தகரப் பெட்டி வேண்டவே வேண்டாம்

வணக்கம் நண்பர்களே. சாட்ஸ்வொர்த்திலிருந்து, நீங்கள் நன்கறிந்த அதே பின்கட்டுப் பட்டறையிலிருந்து பேசுகிறேன். சென்ற காணொளியில் லேத், அதாவது உலோகத்தைக் கடையும் இயந்திரம், தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கடையில் ஸ்டாண்ட் விற்கிறார்களே என்று பலர் எழுதியிருந்தீர்கள். டர்பனில் ஒரு கடையில் அதைப் பார்த்து வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. விலை 4,500 ராண்ட். மெல்லிய தகரத்தை மடித்துச் சாயம் பூசியிருக்கிறார்கள். பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தினால் 'டொக்'கென்று உள்வாங்குகிறது. 120 கிலோ எடையுள்ள லேத்தை இதன்மேல் எப்படி ஏற்றுவது?

எடையைத் தாங்கினால் மட்டும் போதாது. லேத்தின் பெட், அதாவது மற்றெல்லாப் பாகங்களும் அமரும் நீண்ட அடிப்பகுதி, வார்ப்பிரும்பேயானாலும், மட்டமில்லாத ஸ்டாண்டில் வைத்து போல்ட்டை இறுக்கினால் அதுவும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். பிறகு கடையும் தண்டு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும்தான் வரும்.

ஆகவே 50 மில்லிமீட்டர் சதுரக் குழாயில், 3 மில்லிமீட்டர் கனத்தில், சட்டத்தை நானே வெல்டிங் செய்துவிட்டேன். மேற்பலகைக்கு சலிக்னா என்ற யூகலிப்டஸ் வகை மரம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் டர்பனின் ஈரக்காற்றில் எந்த மரமும் உப்பிச் சுருங்கும் என்பதால், லேத்தின் கால்கள் அமரும் இரண்டு இடங்களிலும் 10 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைச் சட்டத்தோடு பற்றவைத்து, மரத்தை அவற்றைச் சுற்றி மட்டுமே பதித்திருக்கிறேன்.

உயரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ, கடையும் பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் மையம் அங்கே இருக்க வேண்டும். தாழ்ந்தால் மாலைக்குள் இடுப்பு வலிக்கும். சக்கரம் வைத்த ஸ்டாண்டை நான் அறவே வெறுக்கிறேன். திருகி உயர்த்தும் கால்களே சரி.

இனி இழுப்பறைகள். எனக்கு அளவில்லா மகிழ்ச்சி தந்தவை இவைதாம். பந்து பேரிங் வைத்த, 45 கிலோ தாங்கும் தண்டவாளங்கள் புதிதாக ஒரு ஜோடி 280 ராண்ட். பழைய இரும்புக் கடையில், அலுவலகக் கோப்பு அலமாரியிலிருந்து கழற்றியவை, ஜோடி 60 ராண்டுக்குக் கிடைத்தன! மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் இட்டதும், நிறைந்த இழுப்பறையும் ஒரு விரலால் இழுத்தால் கடைசிவரை வெளியே வருகிறது. நாலு தாடைச் சக், ஃபேஸ் பிளேட் போன்ற கனமானவை அடித்தட்டில். அந்த எடையே ஸ்டாண்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும். கடைசல் சுருள் உள்ளே விழாதிருக்க, லேத்துக்கு அடியில் விளிம்பு மடித்த தட்டும், இழுப்பறை முகப்புக்கு மேல் நீட்டிய பலகையும் கட்டாயம். துருப் பிடிக்காதிருக்க எண்ணெய் தோய்ந்த துணியை விரித்துவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று: பெட் முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க, ரசமட்டம் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் துணையில்லாமல், சக்கில் மட்டும் பிடித்த தடித்த கம்பியில், இரு முனைகளிலும் வளையம்போல் மேடு விட்டு, டூலின் ஆழத்தை மாற்றாமல் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கடைந்து மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால், டெயில்ஸ்டாக் பக்கத்துக் காலின் முன்புறமோ பின்புறமோ மெல்லிய பித்தளைத் தகட்டைச் செருகி, போல்ட்டை இறுக்கி, இரண்டும் ஒத்துவரும்வரை மறுபடி கடைந்து அளக்க வேண்டும்.