இரண்டு ஊர்த் தாய்மார், ஒரு கோயில்

(திரையில்: கடற்கரையோர மதில் ஒன்று, மிக அருகில்)

வணக்கம். இன்று ஒரு கோயிலின் சுவர் ஓவியங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அதற்கு முதல், யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கம் கடற்காற்றுப் படுகிற மதில் ஏதாவது ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பெயின்ட் அடித்து இரண்டு மாரி கழிவதற்குள் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். சுவருக்குள் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். ஈரம் காய, உப்பு படிகமாகி வர்ணத்தை உதிர்த்துவிடும். சரி, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: ஐரோப்பிய வரைபடம், பிறகு அமெரிக்கா)

அந்தச் சுவர்களில் வரைந்த ஓவியர் மேக்ஸோ வாங்கா 1889இல் குரோஷியாவின் ஸாக்ரெப்பில் பிறந்தவர். முதலாம் உலகப் போரின்போது ஆயுதம் தூக்காமல் பெல்ஜியச் செஞ்சிலுவைச் சங்கத்தோடு நின்று காயப்பட்டவர்களைப் பார்த்தார். 1934இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார்.

மூன்று வருடம் கழித்து, பிட்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் மில்வேல் என்னும் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே குரோஷியத் தொழிலாளரின் புனித நிக்கலஸ் கோயில் இருக்கிறது. 1937இல் சுமார் எட்டு வாரம் சாரக்கட்டில் நின்று, கோயில் சுவர்களில், நடுச்சாமம் தாண்டியும் வரைந்தார். மிச்சச் சுவர்களை 1941இல் முடித்தார்.

(திரையில்: சவப்பெட்டியைச் சுற்றி வெள்ளை உடுத்த பெண்கள்)

இந்த ஓவியத்தில் நிறைய நேரம் நின்றுவிட்டேன். போரில் செத்த மகனைச் சுற்றி அழும் குரோஷியத் தாய்மார். துக்கத்துக்கு வெள்ளை! எங்கள் அம்மம்மாமார் உடுத்த அதே வெள்ளை. இன்னொரு ஓவியத்தில், பிழைக்க வந்த நாட்டில் வேலையில் செத்த மகன். அவன் உடல் பத்திரிகைத் தாள்மேல் கிடக்கிறது, சுற்றிலும் பெண்கள். விட்டுவந்த ஊரிலும் சாவு, வந்துசேர்ந்த ஊரிலும் சாவு. இரண்டையும் ஒரே கோயிலுக்குள் வரைந்தார் வாங்கா. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்திக்கொண்டு தெருவில் நிற்கும் அம்மாக்களைப் பார்த்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

1941இல் வரைந்த அநீதியின் உருவம் நச்சுவாயு முகமூடி போட்டிருக்கிறது. அதன் கையிலுள்ள தராசில் ரொட்டியைவிடத் தங்கம் கனக்கிறது.

(திரையில்: சுண்ணாம்புப் பூச்சு, தூரிகை)

அப்புறம் அந்த உப்பு. ஈரப் பூச்சில் வரைந்தால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து இறுகும்போது வர்ணமும் உள்ளேயே பிடிபட்டுவிடும். வாங்கா வரைந்தது காய்ந்த பூச்சின்மேல். அங்கே வர்ணம் மேலேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் உப்புப் பூத்தால் எளிதில் உதிரும். மில்வேல் சுவர்களிலும் ஈரத்தால் உப்புப் பூத்தது, புகைக்கரியும் படிந்தது. பராமரிப்பவர்கள் சாரம் கட்டி ஏறி, பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுக்கிறார்கள்.

(திரையில்: கரி நீங்கிய இடத்தில் தெரியும் வெள்ளைச் சேலைபோன்ற முக்காடு)