கேஸ் சொக் வாங்குவதற்கு முன்: கிரவல் வீதியில் ஓடும் பைக்குக்கு எங்கே செலவழிப்பது?

(காட்சி: ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் வீதி. பின் சீற்றில் உர மூட்டையோடு ஒரு பைக்.)

வணக்கம். ஏ9 காபெட் வீதியில் ஓடும்வரை எந்த பைக்கும் நல்ல பைக்தான். மாங்குளத்திலோ பரந்தனிலோ திரும்பி, ஊருக்குள் போகும் கிரவலில் இறங்கினால்தான் அதன் உண்மையான நிலைமை தெரியும். ஹாண்டில் 'டக் டக்' என்று அடிக்கும், முதுகு நோகும். உடனே கடைக்குப் போய், "கேஸ் சொக் ஒரு சோடி தாங்கோ" என்று, நைட்ரஜன் வாயு அடைத்த பின் சொக்கைக் கேட்போம். நானும் அப்படித்தான் கேட்டேன்.

கடைக்காரர் தந்த சொக் பழையதைவிட 20 மில்லிமீட்டர் நீளம். பின்பக்கம் தூக்கிக்கொண்டது, சைட் ஸ்டாண்டில் விட்டால் பைக் அளவுக்கு மீறிச் சாய்ந்தது. 'டக்' சத்தமும் நிற்கவில்லை. பிறகு கராஜில் பின் சில்லைப் பிடித்து இடம்வலமாக ஆட்டிப் பார்த்த அண்ணை சொன்னார்: "தம்பி, சொக்கிலை பிழை இல்லை, ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ஞ்சு போச்சு." பின் சில்லைத் தாங்கும் இரும்புக் கை பைக்கோடு சேரும் மூட்டில் இருக்கும் சின்ன உருளைதான் அந்தப் புஷ். புஷ்ஷின் விலை அந்த சொக்கின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அதனால்தான் இந்த வீடியோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025இல்தான் திறந்தது. இடையில், 2022இல், 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. இந்தியப் பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. பழைய பைக்கையே ஓட்டுகிற எங்களுக்கு ஒவ்வொரு பாகமும் கணக்குத்தான்.

(காட்சி: முன் சொக், மிக அருகில்.)

முதலில் முன் சொக். பளபளப்பான குழாயில், சீலுக்கு, அதாவது ஒயிலை வெளியே விடாத ரப்பர் வளையத்துக்கு, சற்று மேலே விரலை வைத்துத் தடவுங்கள். விரலில் கறுப்புப் பசை வந்தால் ஒயில் கசிகிறது. கிரவல் புழுதி சீலின் உதட்டுக்குள் போய் உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். சீலை மாற்ற முன் ஒன்று செய்து பாருங்கள். பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, நுனியில் சின்னக் கொக்கி போலச் செதுக்குங்கள். மேலே இருக்கும் புழுதி மூடியைத் தூக்கி, சீலுக்கும் குழாய்க்கும் இடையில் துண்டை நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். சிவப்பு மண் கோடாக ஒட்டி வரும். பல தடவை கசிவு இதிலேயே நின்றிருக்கிறது.

நிற்கவில்லையா? அப்போது குழாயைப் பாருங்கள். துருப் புள்ளி இருந்தால் புதுச் சீலையும் அது அறுத்துவிடும். கசிவைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஒயில் வழிந்து டிஸ்க்கில் பட்டால் பிறேக் பிடிக்காது, டிஸ்க்கை இறுக்கும் பிறேக் பாட்களையும் தூக்கி எறியவேண்டி வரும்.

சீல் மாற்றும்போது ஒயிலும் புதிதாகத்தான் விடவேண்டும். சொக்குக்கு உரிய ஒயிலைக் கேட்டு வாங்குங்கள், பொதுவாக 10டபிள்யூ (இது ஒயிலின் தடிப்பைச் சொல்லும் எண்). இஞ்சின் ஒயில் 20டபிள்யூ50ஐ விட்டால் சொக் கல் மாதிரி இறுகும். அளவு பைக்கோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கூட விட்டாலும் இறுகத்தான் செய்யும்.

அப்புறம் பின் சொக். அடியில் படிப்படியான வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் ஸ்பிரிங் வலுவாகிவிடாது, பைக் உட்காரும் உயரம்தான் மாறும். நடு ஸ்டாண்டில் விட்டு, பின் அச்சிலிருந்து சீற்றின் அடி வரை டேப்பால் அளங்கள். பிறகு ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வழக்கமான லோடோடு ஏறி இருந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். சொக் 100 மில்லிமீட்டர் அசையுமென்றால், இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 30 அளவில் இருக்கலாம். அதைவிடக் கூடினால் ஒரு படி ஏற்றுங்கள். 50 கிலோ மூட்டை ஏற்றுகிற நாளில் படியைக் கூட்டி, இறக்கியதும் திரும்பக் குறையுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

சரி, கேஸ் சொக் யாருக்கு? கிரவலில் நெடுநேரம் குலுங்கினால் சாதாரண சொக்கின் ஒயில் காற்றோடு கலந்து நுரைத்துவிடும். நுரை அதிர்வைத் தாங்காது. நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கிறது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் பெட்டியோடு தினமும் உள்ளூர்களுக்கு ஓடுகிறவருக்கு அந்தக் காசு வீண் இல்லை. ஆனால் புஷ், கோன் செட் (ஹாண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பெயாரிங்), சீல் மூன்றையும் பார்த்த பிறகு வாங்குங்கள். கடைக்குப் போகும்போது பழைய சொக்கைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் இடைப்பட்ட நீளத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.