தேய்ந்த காசின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். உரோமானியக் காசு என்றதும் பொன்னும் வெள்ளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலிப்பவர்களின் கையில் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய செப்புக் காசுகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. தேய்ந்தவை என்று பலரும் ஒதுக்கிவிடும் அந்தக் காசுகளை அடையாளம் காண்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். காசின் மேல் படிந்திருக்கும் பச்சைக் களிம்பைப் புளியிட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எஞ்சியிருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் அந்தக் களிம்பின் மேற்பரப்பில்தான் நிற்கின்றன. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் காசைத் துலக்கினால் அவையும் போய்விடும்.

பேரரசரின் தலை உள்ள முன்பக்கத்திலிருந்து தொடங்குவதே பலரின் வழக்கம். அங்கேதான் தடுமாற்றமும் தொடங்குகிறது. பேரரசர் கான்ஸ்டன்டைன், அவருடைய மகன்கள் கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டன்ஸ் ஆகிய மூவரின் பெயர்களும் இலத்தீனில் ஒரே எழுத்து வரிசையில் தொடங்குவதால், பாதி அழிந்த காசில் தந்தை யார், மகன் யார் என்று சொல்வது அரிது. பெயருக்குப் பின் எம், ஏ, எக்ஸ் என்ற மூன்று எழுத்துகள் தெரிந்தால் அவர் பெரிய கான்ஸ்டன்டைன். ஐ, வி, என் என்றிருந்தால் அதே பெயர் கொண்ட மகன். இவை தெரியாதபோது காசைத் திருப்பிவிடுவதே நல்லது.

பின்பக்கத்தில் ஈட்டியும் கேடயமும் தாங்கிய இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்கிறார்களா? அவர்களுக்கு நடுவில் எத்தனை படைக்கொடிகள் என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் காசு ஏறத்தாழ 330 முதல் 335 வரையிலான காலத்தது. ஒன்றே என்றால், காசின் எடையையும் அளவையும் குறைத்த பிறகு அடிக்கப்பட்டது. குதிரையோடு விழுந்து கிடக்கும் பகைவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்தும் காட்சி 348க்குப் பிந்தியது. சிறகு விரித்த வெற்றித் தெய்வம் கைதி ஒருவனை இழுத்துச் செல்லும் மிகச் சிறிய காசு 388க்குப் பிந்தியது.

காட்சிக்குக் கீழே, ஒரு கோட்டுக்கு அடியில், அச்சடித்த அக்கசாலையின் பெயர் சுருக்கமாக இருக்கும். எஸ், எம், ஏ, என் என்றால் அன்றைய சிரியாவின் அந்தியோக்கியா. கடைசி எழுத்து எல் என்றால் எகிப்தின் அலெக்சாந்திரியா. ஓரிரு கோடுகளில் ஊரே மாறிவிடுகிறது! இதைப் படிக்க மேலிருந்து விழும் வெளிச்சம் உதவாது. விளக்கைப் பக்கவாட்டில், காசின் மட்டத்துக்கே தாழ்த்தி வைத்துக்கொண்டு, உருப்பெருக்கியின் அடியில் காசை மெல்லச் சுழற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாதிருந்த கோடு நிழலாக எழுந்து நிற்கும். அந்த நொடிக்காகவே மணிக்கணக்கில் காத்திருக்கலாம் என்று உங்களுக்கும் தோன்றும்.

இலங்கையில் இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த போலிக் காசுகளும் கிடைப்பதால், எழுத்து வெறும் கோடுகளாகத் தெரிந்தால் அவசரப்பட்டுப் பெயர் சூட்டிவிட வேண்டாம். விட்டத்தையும் எடையையும் குறியுங்கள். கிடைத்த இடத்தைத் தவறாமல் எழுதுங்கள். அதன்பின் "கைதியை இழுக்கும் வெற்றித் தெய்வம், 4ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 5ஆம் நூற்றாண்டின் தொடக்கம், பேரரசர் பெயரும் அக்கசாலையும் தெளிவில்லை" என்று காசின் உறைமேல் எழுதி வைத்தால், அடுத்து அதைக் கையில் எடுப்பவர் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம். வணக்கம்.