'பாய்காட்': பொருள் தந்தவர்கள் மேயோவின் குடியானவர்களே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, 'பாய்காட்' (புறக்கணி) என்னும் ஆங்கில வினைச்சொல்லுக்குப் பொருள் தந்தவர்கள் தலைவர்களே என்று வாதிட்ட எதிரணியினர், 1880 செப்டம்பர் 19 அன்று அயர்லாந்தின் என்னிஸ் நகரில் குடியானவர்களின் நிலச் சங்கத் தலைவர் பார்னெல் ஆற்றிய உரையைச் சான்றாக வைத்தார்கள். உரை உண்மைதான். ஆனால், குடும்பமொன்று வெளியேற்றப்பட்ட நிலத்தைக் குத்தகைக்குப் பிடிப்பவனைச் சந்தையிலும் கடையிலும் தேவாலயத்திலும் ஒதுக்கிவையுங்கள் என்றுதான் அவர் சொன்னார். இச்சொல்லுக்குத் தன் பெயரைத் தந்த கேப்டன் சார்லஸ் பாய்காட்டின் பெயரே அதில் இல்லை.

பாய்காட் அப்படி நிலம் பிடித்தவரும் அல்லர். மேயோ மாவட்டத்தில், மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் குத்தகை வசூலித்த காரியஸ்தர். குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கும்படி குடியானவர்கள் கேட்க, பிரபு 10-க்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பர் 22 அன்று வெளியேற்ற நோட்டீஸ் கொண்டுவந்தவரை ஊர்ப் பெண்கள் சேற்றையும் சாணத்தையும் வீசி விரட்டினார்கள். அதன்பின் பண்ணையாட்கள் வேலையை விட்டு நின்றார்கள். கொல்லர் லாடம் அடிக்கவில்லை, சலவைக்காரி துணி எடுக்கவில்லை, அருகிலிருந்த பாலின்ரோப் ஊர்க் கடைக்காரர்கள் சரக்குக் கொடுக்கவில்லை. அறுவடைக்கு வடக்கிலிருந்து 50 பேரை அழைத்துவந்து, படையையும் போலீஸையும் காவல் நிறுத்தி, ஏறக்குறைய 500 பவுன் விளைச்சலை எடுக்க 10,000 பவுனாவது செலவானது என்று கணக்கிட்டார்கள். ஒரு டர்னிப் கிழங்குக்கு ஒரு ஷில்லிங் என்று கேலி செய்தவர் பார்னெல். அந்தப் பெருமையை எதிரணிக்கே விட்டுவிடுகிறேன்.

சொல்லை உண்டாக்கியவர் பாதிரியார் ஜான் ஓமாலிதானே என்றும் கேட்டார்கள். அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ரெட்பாத் பதிவு செய்ததையே பார்ப்போம்: 'ஆஸ்ட்ரசைஸ்' (ஒதுக்கிவை) என்ற ஆங்கிலச் சொல் குடியானவர்களுக்கு விளங்காது என்பதால்தான் பாதிரியார் வேறு சொல் தேடினார். அவர் 'பாய்காட்' என்றதும் ஊராருக்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களே அவர்கள்தாம்.

அவ்வாண்டு முடிவதற்குள் லண்டன் நாளேடுகளுக்கும், பின்னர் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளுக்கும் சென்ற இச்சொல்லுக்கு, நிலம் பிடித்தவனை ஒதுக்கு என்று இன்றைய அகராதிகள் பொருள் எழுதவில்லை. எதிர்ப்பைக் காட்டப் பலர் சேர்ந்து கொடுக்கல் வாங்கலையும் உறவையும் நிறுத்துவது என்றே எழுதுகின்றன. நடுவர் அவர்களே, அது என்னிஸ் மேடையில் பேசப்பட்டதைவிட, மாஸ்க் ஏரிக்கரையில் செய்யப்பட்டதற்கே பொருந்துகிறது.