பழியை விடுங்கள், மனுவை விடாதீர்கள்

(புதுச்சேரியில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சகோதர சகோதரிகளே,

"பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்ற ரோமர் 12-ஆம் அதிகார வசனத்தை மிரட்டலுக்கு ஆளானவர்களிடம்தான் அதிகம் சொல்கிறோம். வீட்டில் நாலு பேர் கூடி ஜெபம் பண்ணியதற்காகக் கதவைத் தட்டி மிரட்டுகிறார்கள். வேலை செய்யும் இடத்தில் ஒதுக்குகிறார்கள். அவர்களிடம் போய், "கர்த்தர் பார்த்துக்கொள்வார், பேசாமல் இருங்கள்" என்கிறோம். கர்த்தர் பார்த்துக்கொள்வார், சரி. பேசாமல் இருக்க வேதத்தில் எங்கே சொல்லியிருக்கிறது?

பவுலைப் பாருங்கள். ரோமருக்கு அந்த வசனத்தை எழுதியவரே அவர்தான். பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள், "ரகசியமாகப் போய்விடு" என்றார்கள். பவுல் போகவில்லை. ரோமக் குடிமகனை அடித்த அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். பிற்பாடு, "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடும் செய்தார். அடித்தவனைத் திருப்பி அடிக்கவில்லை, ஆனால் தன் வழக்கையும் கைவிடவில்லை.

நம் ஊரிலேயே ஒன்று நடந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டு எழுதி வைத்திருக்கிறார். சம்பா கோவில் என்று நாம் சொல்லும் தேவாலயத்துக்குள் அன்று ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும் மறுபக்கம். ஒரே பலிபீடம், ஒரே பூசை, நடுவே சுவர்! ஒதுக்கப்பட்டவர்கள் பெரிய குருவானவரிடம் போய் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, எங்களையும் சமமாக நடத்த வேண்டாமா என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. அந்தக் கட்டிடமே இன்று இல்லை. 1761-இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளிய பிறகு எழுந்த கோவிலைத்தான் மிஷன் வீதியில் பார்க்கிறோம். சாதி மட்டும் அந்தச் சுவரோடு விழுந்துவிடவில்லை, அது உங்களுக்கே தெரியும்.

இந்தச் சம்பவத்தை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர்களை ஒடுக்கியது வெளியாள் இல்லை, கூடவே முழங்கால்படியிட்டவர்கள். பகை வெளியிலிருந்து வரும்போது மட்டும் தேவநீதியைக் கூப்பிட்டு, நம் சபைக்குள் நடப்பதற்குக் கண்ணை மூடிக்கொண்டால், அந்த நியாயாதிபதியின் முன் நாம் எந்தப் பக்கம் நிற்போம்?

காத்திருப்பது லேசான காரியம் என்று நான் சொல்லமாட்டேன். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்து மதத்தோடு கட்டியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். 2004-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுவும் வருஷக்கணக்காக இழுத்தது. "எத்தனை காலம் ஆண்டவரே?" என்று கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில், கொல்லப்பட்ட பரிசுத்தவான்களே பலிபீடத்தின் கீழிருந்து, "எதுவரைக்கும்?" என்று சத்தமிடுகிறார்கள். லூக்கா 18-இல் வரும் விதவையும் அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் அலைக்கழித்தாள். அவளைத்தான் இயேசு நமக்கு முன்மாதிரியாக நிறுத்தினார்.

அப்புறம், நம்மை மிரட்டியவர்கள். அவர்களைச் சபிக்கும் வேலை நமக்கு இல்லை. இயேசு வையப்படும்போது பதில் வையாமல், நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார் என்று பேதுரு எழுதுகிறார். அந்தத் தீர்ப்பை நாம் கையில் எடுத்தால் அளவு தெரியாமல் அடிப்போம். அவரிடம் விட்டால்தான் அந்த மனிதர்களுக்கும் மனந்திரும்ப வழி இருக்கும்.

இப்போது அவர்கள் பெயரைச் சொல்லியே ஜெபிப்போம். ஜெபம் முடிந்ததும் மிரட்டலுக்கு ஆளானவர்கள் கலைந்து போகாதீர்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பார்த்தார்கள் என்று இங்கேயே உட்கார்ந்து எழுதுவோம். நாளைக் காலை புகார் கொடுக்கப் போகும்போது நானும் கூட வருகிறேன்.