ஹைவெல்ட் வானில் விமானத்தை மின்னல் தாக்கினால்

[திரையில்: கோடைப் பிற்பகல், ஜோகன்னஸ்பர்க் மேலே எழும் இடிமேகம்]

டிசம்பர் மாத மாலை. டர்பன் கிங் ஷாகாவில் விமானம் ஏறி, லெனேசியாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறீர்கள். ஒரு மணி நேரப் பயணம்தான். ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். தாம்போ விமான நிலையத்துக்கு இறங்கும் வழியில் விமானம் மேகத்துக்குள் நுழைகிறது. திடீரென்று ஜன்னல் முழுக்க வெள்ளை வெளிச்சம், கூடவே கதவை ஓங்கி அறைந்ததுபோல ஒரு சத்தம். விளக்குகள் ஒரு கணம் சிமிட்டலாம். விமானம் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது.

பயணிகள் விமானம் ஒன்றைச் சராசரியாக ஆண்டுக்கு ஒரு தடவை மின்னல் தாக்குகிறது. பெரும்பாலும் அந்த மின்னலைத் தொடங்கி வைப்பதே விமானம்தான்.

[திரையில்: மேகத்துக்குள் விமானம், மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் கிளம்பும் ஒளி இழைகள்]

மின்னேற்றம் நிறைந்த மேகத்துக்குள் நீளமான உலோக உடல் ஒன்று போகிறது. மூக்கு, இறக்கை நுனி, வால் துடுப்பு போன்ற கூர்மையான இடங்களில் மின்புலம் குவிகிறது. அங்கே காற்று தாங்க முடியாமல் உடையும்போது, முதலில் ஒரு முனையிலிருந்து நேர்மின் இழை கிளம்பும். சில மில்லிவிநாடிகளில் எதிர்முனையிலிருந்து எதிர்மின் இழை கிளம்பும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நீண்டு மேகத்தின் மின்னேற்றப் பகுதிகளைத் தொட்டதும், பெரும் மின்சாரம் பாய்கிறது. நடுவில் இருக்கும் கம்பித் துண்டு நம் விமானம். நாசா 1980 முதல் 1986 வரை எஃப்-106பி போர் விமானத்தை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் ஓட்டி 714 தாக்குதல்களைப் பதிவு செய்தது. விமானமே மின்னலை வரவழைக்கிறது என்பது அதில்தான் உறுதியானது. மின்னல் இழை படிப்படியாக நீள்வதை 1930-களில் படம் பிடித்துக் காட்டிய தென்னாப்பிரிக்க இயற்பியலாளர் பேசில் ஷான்லாந்தும் சகாக்களும் ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்தில்தான் வேலை செய்தார்கள். இந்த மண்ணில் வாழும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி இது.

தாக்குதல் அதிகம் நடப்பது வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும் உயரத்தில். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் பீடபூமியில், கோடையில் அது கடல் மட்டத்திலிருந்து நாலரை, ஐந்து கிலோமீட்டர். ஓ.ஆர். தாம்போ ஓடுபாதையே ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, தரைக்கு மேல் மூன்று கிலோமீட்டரில், ஏறும்போதோ இறங்கும்போதோ கடக்கும் உயரத்திலேயே ஆபத்து காத்திருக்கிறது.

[திரையில்: விமானத்தின் வெளித்தோல், நெருக்கத்தில்]

சராசரி மின்னலின் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர். விமானப் பாகங்களைச் சோதிப்பதோ 2,00,000 ஆம்பியரில். அலுமினியத் தோல் நல்ல கடத்தி. மின்சாரம் வெளிப்பக்கமாகவே ஓடி மறுமுனையில் வெளியேறுகிறது. உள்ளே இருக்கும் உங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அந்தப் பாதை எங்கும் அறுந்திருக்கக் கூடாது. அதனால்தான் சுக்கான், ஏலரான் போன்ற அசையும் பாகங்களை உடலோடு பாண்டிங் ஜம்பர் என்ற பின்னல் கம்பிகள் இணைக்கின்றன.

எரிபொருள் தொட்டியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 1963 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் மேரிலாந்தில் பான் ஆம் 214 என்ற போயிங் 707-ஐ மின்னல் தாக்கியது. இடது இறக்கையின் வெளிப்புறத் தொட்டியில் இருந்த எரிபொருள் ஆவி வெடித்து, 81 பேரும் இறந்தார்கள். தொட்டி மூடிகள், காற்றுத் திறப்புகள், ஆணிகள் எல்லாம் உள்ளே பொறி பறக்காதபடி இன்று வடிவமைக்கப்படுவதற்குப் பின்னால் அந்த உயிரிழப்பு இருக்கிறது. தொட்டிக்கு மேலுள்ள அலுமினியத்துக்கு 2 மில்லிமீட்டர் தடிமன் என்பது நீண்ட காலமாகப் பின்பற்றப்படும் அளவு.

[திரையில்: மூக்கிலிருந்து வால் வரை வரிசையாகத் தோன்றும் கருப்புப் புள்ளிகள்]

மின்னல் பாதை காற்றில் நின்ற இடத்திலேயே நிற்கும், விமானம்தான் நகர்கிறது. விநாடிக்கு 130 மீட்டர் வேகம், தாக்குதல் அரை விநாடி நீடித்தது என்று வையுங்கள். அதற்குள் விமானம் 65 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. போயிங் 737-800-இன் நீளமோ 39.5 மீட்டர். மூக்கில் ஒட்டிய மின்னல், தாவித் தாவி உடல் முழுக்க மிளகளவு தீப்புள்ளிகளை வைத்துவிட்டு வால் வரை போய்விடும்.

தரையிறங்கியதும் பொறியாளர்கள் டார்ச்சோடு தேடுவது இந்தப் புள்ளிகளைத்தான். உள்ளே வந்த இடம், வெளியே போன இடம் இரண்டும் கிடைக்க வேண்டும். ஒன்று மட்டும் கிடைத்தால் தேடல் முடியவில்லை என்று அர்த்தம். உருகிய ரிவெட் தலைகள், வேகமானிக் குழாய்கள், ஆன்டெனாக்கள், இறக்கைப் பின்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டேட்டிக் விக்குகள் என்ற மெல்லிய குச்சிகள் என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். விக்குகள் மின்னலைத் தடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மழையும் பனித்துகளும் உரசிச் சேரும் மின்னேற்றத்தைக் கழித்து, ரேடியோவில் இரைச்சல் வராமல் காப்பதே அவற்றின் வேலை.

மூக்கில் உள்ள ரேடோம் என்ற மூடி கண்ணாடியிழையால் ஆனது. உள்ளே ரேடார் இருப்பதால் அங்கே உலோகம் பூச முடியாது. மெல்லிய உலோகப் பட்டைகள்தான் மின்னலை ஓரமாகத் திருப்புகின்றன. பட்டை தவறினால் ஊசித்துளை விழும். துளை வழியே ஈரம் இறங்கினால் ரேடார் தவறாகக் காட்டும், அடுத்த மின்னலில் அந்த ஈரம் நீராவியாகி அடுக்கையே பிய்க்கும். ஆகவே நாணயத்தால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்பார்கள். மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. ஜம்பர் அறுந்திருந்தால் மின்சாரம் கீல் பேரிங் வழியே பாய்ந்து அதைக் குழிபறித்திருக்கும். அதனால் சுக்கானை முழு வீச்சில் ஆட்டிப் பார்ப்பார்கள். அருகிலுள்ள எஃகுப் பாகங்கள் காந்தமாகியிருக்கலாம் என்பதால் மாற்றாக வைத்திருக்கும் காந்தத் திசைகாட்டியையும் சரிபார்ப்பார்கள். உங்கள் அடுத்த விமானம் தாமதமானால், காரணம் இதுவாகவும் இருக்கலாம். தயவுசெய்து கவுன்ட்டரில் இருப்பவரிடம் கோபப்படாதீர்கள்.

விமானிகள் கடும் இடிமேகத்தை 20 நாட்டிகல் மைல் சுற்றிப் போகப் பார்ப்பது, மின்னலைவிட உள்ளே இருக்கும் குலுக்கலுக்கும் ஆலங்கட்டிக்கும் அஞ்சித்தான். பெல்ட் போடச் சொன்னால் உடனே போடுங்கள்.

[திரையில்: கார்பன் இழைத் தோலின் வெட்டுத் தோற்றம், மேலடுக்கில் செம்பு வலை]

எடையில் பாதி கூட்டுப்பொருளாலான போயிங் 787 போன்ற விமானங்களில், கார்பன் இழை அலுமினியம் அளவுக்கு மின்சாரம் கடத்தாது. அதற்காக வெளித்தோலின் மேலடுக்கில் மெல்லிய உலோக வலை பதிக்கிறார்கள். அதன் மேல் வரும் பெயின்ட்டுக்கும் தடிமன் வரம்பு உண்டு. பூச்சு தடித்துவிட்டால் மின்னல் அடுத்த இடத்துக்குத் தாவாமல் ஒரே புள்ளியில் நின்று ஆழமாகச் சுடும். பழைய பூச்சின் மேலேயே மறுபடி மறுபடி பூசக் கூடாது. சுரண்டி எடுத்து, அளவுமானி வைத்துப் பார்த்துத்தான் பூச வேண்டும்.